துவக்குகளை எண்ணிய அறிஞர்

மன்னார்ப் பெருநிலத்திலே, அரிப்புக்குத் தெற்கே, கடல் வளைந்து உட்புகுந்து கிடக்கும் குடாவை அடுத்துள்ள ஊர் கொண்டச்சி. ஒருகாலத்தில் இவ்வூரின் பெயர் இலண்டன் மாநகரத்து வணிகரின் செவிக்கும் எட்டியிருந்தது. முத்துச்சலாபம் கூடும் நாட்களில், அக்கரைத் தமிழகத்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் முத்துக்குளிகாரரும், சம்மாட்டிமாரும், வணிகரும், சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லும் மந்திரகாரரும் இங்கே வந்து திரள்வர். ஓலைக் கொட்டில்களால் ஆன ஒரு நகரமே மணலில் எழும். சலாபம் முடிந்ததும் மணலோடு மணலாய் மறையும். 1798-ஆம் ஆண்டுச் சலாபம் ஒன்றே பிரித்தானிய அரசுக்கு 1 இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட வருவாயை ஈட்டித் தந்தது. அக்காலத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் அரிப்புக் கரையிலே கட்டுவித்த மாளிகையின் இடிபாடுகளை அல்லிராணிக் கோட்டை என்று ஊரார் வழங்குவர்.

அந்தச் செல்வம் நிலைக்கவில்லை. பார்களில் சிப்பி அருகிற்று. 1838 முதல் 1854 வரை ஒரு சலாபமேனும் நடைபெறவில்லை. அந்த வறண்ட இடைக்காலத்திலே இக்கரைக்கு வந்து, மைல் கணக்காகக் குவிந்து கிடந்த பழஞ்சிப்பி ஓடுகளையும், ஆளற்ற மணல்வெளியையும், நோர்த்தின் மாளிகையையும் கண்டு எழுதியவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற். அப்போது அவர் இலங்கைக் குடியேற்ற அரசின் செயலாளர். தேசாதிபதிக்கு அடுத்த பதவியினர். 1859-இல் இரண்டு பாகங்களாக வெளிவந்த அவருடைய இலங்கை வரலாற்று நூலை அறியாத வரலாற்று மாணவர் இல்லை. இத்தீவின் மலையும் மரமும், யானையும் மீனும், குளமும் கோயிலும் அந்நூலில் இடம்பெற்றுள்ளன. இத்தகைய பேரறிஞரின் வாழ்விலே, துவக்கு வைத்திருந்த ஏழைக் குடியானவனின் அச்சம் ஒன்று குறுக்கிட்டது. அந்த அச்சத்தை அவர் அறியத் தவறியதன் பயன் 1848-ஆம் ஆண்டின் குருதியாக விளைந்தது. அவ்வரலாற்றையே இங்கு சொல்லப் புகுகின்றோம்.

1804-ஆம் ஆண்டு ஏப்பிரில் 7-ஆம் நாள், அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரத்து வணிகர் ஒருவரின் மகனாக ஜேம்ஸ் எமர்சன் பிறந்தார். அவர் பிறப்பதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1797 மார்ச்சு மாதத்தில், அந்நகரத்தார் தம்மிடமுள்ள படைக்கலங்களை ஒப்படைக்க வேண்டுமெனத் தளபதி லேக் என்பவர் அறிக்கையிட்டார். வீடுவீடாகச் சோதனை நடந்தது. கூரைகள் எரிந்தன. சந்தேகத்துக்கு இலக்கானோர் சவுக்கடி பட்டனர். மறு ஆண்டு அயர்லாந்தில் பெருங்கிளர்ச்சி மூண்டது. படைக்கலம் பறித்தால் அமைதி பிறக்கும் என்று எண்ணியோருக்கு அதுவே கிடைத்த விடை. அந்நிகழ்ச்சிகளைக் கண்ணாற் கண்டோர் நடுவிலேதான் எமர்சன் வளர்ந்தார். அது மட்டுமோ? 1831-இல் அவர் மணந்த லெற்றீசியாவின் தந்தை வில்லியம் டெனன்ற், ஐக்கிய ஐரிஷ் இயக்கத்தைச் சேர்ந்தவர் என்னும் காரணத்தால் 1798-இல் பிடிபட்டு, ஸ்கொத்லாந்தின் ஜோர்ஜ் கோட்டையிற் சில ஆண்டுகள் சிறையிருந்தவர். விடுதலைக்குப் பின் அவர் செல்வம் மிக்க வங்கியாளரானார். அந்த மாமனாரின் குடும்பப் பெயரையே 1832-இல் எமர்சன் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.

இளமையில் டப்ளின் நகரத்து திரித்துவக் கல்லூரியிற் பயின்ற எமர்சன், கிரேக்கரின் விடுதலைப் போரினால் உள்ளம் கவரப்பட்டு அந்நாட்டுக்குச் சென்றார். கண்டவற்றை நூலாகவும் எழுதினார். துருக்கியப் பேரரசை எதிர்த்துத் துவக்கேந்திய கிரேக்கக் குடியானவன் அவர் கண்ணுக்கு வீரனாகத் தோன்றினான். அடுத்துச் சட்டக் கல்வி, அதன்பின் அரசியல். 1832-இல் பெல்பாஸ்ற் நகரின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் புகுந்தார். சீர்திருத்தக் கட்சியின் ஆதரவாளராகத் தொடங்கியவர், நாளடைவில் பழைமைக் கட்சியின் பக்கம் சாய்ந்தார். 1843-இல் அக்கட்சி ஆட்சி நடத்திய வேளையிலே அயர்லாந்துக்கெனப் படைக்கலச் சட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டது. துவக்கு வைத்திருப்போர் அதனைப் பதிந்துகொள்ள வேண்டும். பதிந்த துவக்கில் மாட்டுக்குச் சூடு போடுவதுபோல் அடையாளமும் எண்ணும் பொறிக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். ஐரிஷ் உறுப்பினர் பலர் வாரக்கணக்காக அதனை எதிர்த்து வாதாடினர். இங்கிலாந்தில் இல்லாத கட்டுப்பாடு அயர்லாந்துக்கு மட்டும் ஏன் என்பது அவர்களுடைய வினா. பெல்பாஸ்ற் உறுப்பினராக டெனன்ற் அப்போது அச்சபையில் இருந்தவர். துவக்கு எண்ணப்படும்போது மனிதர் மனத்தில் என்ன நிகழ்கின்றது என்பதை அறிந்துகொள்ள அவருக்கு வாய்த்தவை போல வேறு எவருக்கும் வாய்ப்புகள் அமைந்திருக்க மாட்டா.

1845-இல் அவருக்குச் சேர் பட்டம் கிடைத்தது; இலங்கையிற் செயலாளர் பதவியும் கிடைத்தது. அவ்வாண்டின் இறுதியில் கொழும்பிலே வந்திறங்கினார். மலைநாட்டிலே கோப்பிப் பயிர் பொங்கிப் பெருகிய காலம் அது. ஆயினும் விரைவிலே ஐரோப்பியச் சந்தையில் கோப்பியின் விலை சரிந்தது. தோட்டங்கள் கைவிடப்பட்டன. முத்து வருவாயோ முன்னரே அற்றுப்போயிற்று. அரசின் பெட்டகம் காலியாகிக்கொண்டிருந்தது. டெனன்ற் நாட்டின் நிதிநிலையை ஆராய்ந்து 1846-இல் விரிவான அறிக்கை ஒன்றைத் தயாரித்தார். ஏற்றுமதித் தீர்வைகளை நீக்கி, நிலத்தின்மேல் நேர்வரி விதிக்கவேண்டும் என்பது அவர் கருத்து. பொருளியல் நூல்களின்படி அக்கருத்திற் குறை காண்பது அரிது. ஆனால் நிலவரி விதிக்க நிலம் அளக்கப்பட்டிருக்க வேண்டும். இலங்கையில் நிலம் முறையாக அளக்கப்படவில்லை. ஆதலால் அளக்கத்தக்க வேறு பொருள்களைத் தேடினர். கடை, நாய், தெருவில் உழைக்கும் உடல், துவக்கு ஆகியவை அகப்பட்டன.

1847-இல் தேசாதிபதியாக வந்த டொரிங்டன் பிரபு முப்பத்தைந்து வயதினர்; அப்போதைய பிரித்தானியப் பிரதமரின் உறவினர்; குடியேற்ற நாட்டாட்சியில் முன்னனுபவம் இல்லாதவர். அவருடைய ஆட்சியிலே 1848 யூலை முதல் புதிய வரிகள் நடைமுறைக்கு வந்தன. துவக்கு வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் உரிமம் பெறவேண்டும். ஆண்டுக்கு ஒரு துவக்குக்கு இரண்டரைச் சிலிங் செலுத்த வேண்டும். கடைக்கு வரி, நாய்க்கு வரி. இவற்றின்மேல், வயது வந்த ஆடவர் ஆண்டில் ஆறு நாள் தெருவேலை செய்யவேண்டும். அன்றேல் அதற்கீடாகக் காசு கொடுக்கவேண்டும்.

இரண்டரைச் சிலிங் என்பது கொழும்புக் கனவான் ஒருவருக்குப் பொருட்டன்று. நெல்லே காசாக வழங்கிய கிராமத்திலே அது பெருந்தொகை. துவக்கு அங்கே வீட்டின் மூலையிற் சாத்திவைத்த மண்வெட்டியைப் போன்றதொரு கருவி. சேனைப் பயிரை யானையும் பன்றியும் மானும் அழிக்கும். இரவெல்லாம் பரணிலே விழித்திருக்கும் குடியானவனுக்குத் தீப்பந்தமும் கூக்குரலும் ஓரளவே உதவும். வெடியோசையே பயிரைக் காக்கும். கண்டி நாட்டுக் கம்மாளர் துவக்குச் செய்வதிற் பெயர்பெற்றவர்கள். தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் முதுசங்களில் துவக்கும் ஒன்று.

இவ்விடத்தில் வன்னியையும் நினைவுகூர்தல் தகும். மன்னார்க் கரையிலிருந்து உள்நாடு செல்வோர் அந்நாளில் யானைக்காட்டின் ஊடாகவே செல்லவேண்டும். நெல் விளைத்தவனுக்கும் யானையே பகை. ஆதலால் யானையைக் கொல்வோருக்கு அரசாங்கம் தலைக்குச் சில சிலிங் வீதம் பரிசளித்தது. 1848-க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் வடமாகாணத்தில் மாத்திரம் 3,500 யானைகள் கொல்லப்பட்டன எனக் கணக்கிட்டு எழுதியவர் டெனன்றே ஆவர். துவக்கேந்திய குடியானவனுக்குப் பரிசு கொடுத்ததும், அதே துவக்குக்கு வரி கேட்டதும் ஒரே அரசுதான். ஒரு கையாற் கொடுத்ததை மறு கையாற் பறிக்கின்றார்கள் என்று அவன் எண்ணினால் அதில் வியப்பென்ன?

காசினும் பெரியதாக வேறொன்று இருந்தது, அதுவே நினைவு. 1815-இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்கு மாறிற்று. 1818-இல் ஊவாவிலே மூண்ட கிளர்ச்சி கொடுமையாக அடக்கப்பட்டது, வயல்கள் பாழாயின, மக்களிடமிருந்த துவக்குகள் திரட்டப்பட்டன. அதனைக் கண்ட முதியோர் 1848-இல் உயிரோடிருந்தனர். துவக்கு உள்ளோரின் பெயரை எழுதித் தருமாறு அரசாங்கம் கேட்டபோது, அரசினர் கண்ணுக்கு அது வரவேடாகத் தோன்றிற்று. முதியோர் கண்ணுக்கோ பறிமுதற்பட்டியலாகத் தோன்றிற்று. யாரிடம் துவக்கு உண்டு என்பது ஏட்டிலேறிவிட்டால், எடுக்க வருபவன் வழி கேட்க வேண்டியதில்லை. உரிமமின்றி வைத்திருத்தல் குற்றமென்றால், காசு கட்ட இயலாதவனின் துவக்கு யாருக்கு உரியது? இவ்வினாவுக்கு விடை கூறுவார் இல்லாதபோது வதந்தி விடை கூறிற்று. இன்று துவக்கையும் நாயையும் எண்ணுகின்றவர்கள் நாளை எதனை எண்ணுவார்களோ என்னும் பேச்சு ஊருக்கு ஊர் வளர்ந்தது.

இதே அச்சத்தைத் தமிழகமும் அறியும். 1799-இல் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றிலே தூக்கிலிடப்பட்டபின், பாளையக்காரர் தம் கோட்டைகளை இடித்துப் படைக்கலங்களை ஒப்படைக்குமாறு பணிக்கப்பட்டனர். 1801-இல் மருது சகோதரர் வீழ்ந்தபின் அக்கட்டளை மேலும் இறுகிற்று. சிவகங்கைச் சீமையின் வளரியும் அதனோடு வழக்கொழியத் தொடங்கிற்று. ஆட்சி மாறியபின் படைக்கலத்தின்மேல் ஆட்சியாளரின் கண் விழுவது, பாக்கு நீரிணையின் இரு கரையாருக்கும் பழகிய செய்தியேயாகும்.

யூலை முற்பகுதியில் ஆயிரக்கணக்கான குடியானவர்கள் கண்டிக் கச்சேரியின்முன் திரண்டனர். அவர்கள் கையில் அன்று துவக்கில்லை, விண்ணப்பமே இருந்தது. டெனன்ற் தாமே கண்டிக்கு விரைந்தார். தலைமைக்காரரைக் கூட்டிப் புதிய சட்டங்களின் பொருளை விளக்கினார். வரியின் நியாயம், தெருவினால் வரும் நன்மை, தீர்வைக் குறைப்பின் பயன் என்பவற்றை ஆசிரியர் மாணவருக்குச் சொல்வதுபோற் சொன்னார் எனலாம். வரி எவ்வளவு என்னும் ஐயத்தை அவர் தீர்க்க முயன்றார். வந்திருந்தவர்களின் நெஞ்சிலிருந்த ஐயமோ, இவ்வரசின் சொல்லை நம்பலாமா என்பது. அதற்கு அவரிடம் புள்ளிவிவரம் இல்லை. அவ்வேளையிற் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகையின் ஆசிரியர் வைத்தியர் கிறிஸ்தோபர் எலியற், தம் மக்களின் பிரதிநிதிகள் இல்லாத சபை விதிக்கும் வரியை எதிர்க்கும் கருத்துப்பட ஒரு கடிதம் வெளியிட்டார். அது சிங்களத்திலும் பரவியது. எலியற்றும் அயர்லாந்தில் பிறந்தவரே. ஒரே நாட்டில் பிறந்த இருவரில் ஒருவர் மக்களின் மனக்குறையைக் கேட்டார். மற்றவர் அவர்களுக்கு விளக்கம் சொன்னார்.

யூலை 26-ஆம் நாள் தம்புள்ளை விகாரையிலே கொங்காலேகொட பண்டா என்பவர் அரசனாக முடிசூட்டப்பெற்றார். கரையோர ஊராகிய மொரட்டுவையிற் பிறந்த புரன் அப்பு அவருடைய படைக்குத் துணைநின்றார். கிளர்ச்சிக்காரர் மாத்தளைக்குள் புகுந்து கச்சேரியைத் தாக்கினர். வரி ஏடுகளை அழித்தனர். அவர்களின் சினம் ஏட்டின்மீதே முதலிற் பாய்ந்ததைக் கருதுதல் வேண்டும். குருநாகலிலும் கலகம் எழுந்தது. ஆனால் பழந்துவக்கும் ஈட்டியும் பட்டாளத்தின் முன் சில நாட்களும் நிற்கவில்லை. யூலை 29-இல் கண்டியிலும் அடுத்துக் குருநாகலிலும் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கிளர்ச்சி ஓய்ந்தபின்னும் அச்சட்டம் வாரக்கணக்காக நீடித்தது. ஆகத்து 8-இல் புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரையும் உட்படப் பதினெண்மர் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பினால் உயிரிழந்தனர். அவர்களில் கடஹபொல தேரர் என்னும் பிக்கு காவியுடையோடு நிறுத்திச் சுடப்பட்டார். கொங்காலேகொட பண்டா கசையடி பட்டு, மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டு, 1849-இல் அங்கே மடிந்தார்.

இச்செய்திகள் இலண்டனை எட்டியபோது பெரும் பூசல் எழுந்தது. 1849-இல் பொதுமக்கள் சபை விசாரணைக் குழுவொன்றை அமைத்தது. அதிகாரிகள் ஒருவரையொருவர் பழித்தனர். அந்தரங்கக் கடிதங்கள் அம்பலத்துக்கு வந்தன. டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். டெனன்றும் 1850-இல் இத்தீவை நீங்கினார். ஆளும் பதவிகளிற் படிப்படியாக உயரலாம் என்று கண்ட கனவு அவருக்கு இலங்கையிலேயே முடிந்துபோயிற்று. வரிகளிற் சில கைவிடப்பட்டன. தெருவேலைச் சட்டம் மட்டும் பல்லாண்டு நிலைத்தது.

தோல்வியுற்றுத் திரும்பியவர் சோர்ந்துவிடவில்லை. 1852 முதல் 1867 வரை வர்த்தகச் சபையின் செயலாளராக உழைத்தார். இரவுகளில் எழுதினார். 1859-இல் வெளிவந்த இலங்கை நூல் ஓராண்டுக்குள் பல பதிப்புகளைக் கண்டது. 1861-இல் இத்தீவின் உயிரினங்களைப் பற்றிய தனிநூல் வந்தது. நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் அவருக்கு உற்ற நண்பர். தாம் முற்றுவித்த இறுதி நாவலை 1865-இல் டெனன்றுக்கே உரிமையாக்கினார். 1864-இல் டெனன்ற் வெளியிட்ட நூல் ஒன்று நம் கருத்தைத் தனியே ஈர்க்கின்றது. துவக்குகளின் வரலாறே அதன் பொருள். விற்வேர்த், ஆம்ஸ்ரோங் என்னும் இரு பொறியியலாளர் துவக்குக் குழலையும் பீரங்கியையும் திருத்தியமைப்பதிற் கொண்ட போட்டியை அவர் அதில் விரிவாக எழுதினார். அறுகோணக் குழல், சுழன்று செல்லும் குண்டு, அது பாயும் தூரம் முதலிய நுட்பங்கள் யாவும் அங்கே உள்ளன. துவக்கின் உட்புறத்தை அவ்வளவு நுணுகி ஆராய்ந்தவர், அதனைப் பிடித்திருந்த கையின் நடுக்கத்தை 1848-இல் ஆராயாது விட்டது வரலாற்றின் விந்தை. 1867-இல் அவருக்குப் பரோணற் பட்டம் வந்தது. 1869 மார்ச்சு 6-ஆம் நாள் அவர் இலண்டனிற் காலமானார்.

டெனன்றைக் கொடியவர் என்று கூறி ஒதுக்குதல் எளிது. அது நேர்மையும் ஆகாது. துவக்கை எண்ணாது விடுவதே நலம் என்று கூறுதலும் பொருந்தாது. எவருக்கும் கணக்குச் சொல்லத் தேவையற்ற துவக்குகள் ஒரு நாட்டை ஆளத் தொடங்கினால் என்ன விளையும் என்பதை மன்னார்க் கரை பின்னாளில் அறிந்தது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளின் துவக்குமுனையில், கொண்டச்சியை உள்ளிட்ட முசலிப் பகுதியின் முஸ்லிம் மக்கள் வீடுவாசல்களை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர்களுட் பலர் இருபது ஆண்டுகள்வரை புத்தளத்து அகதி முகாம்களில் வாழ்ந்தனர். சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படாத துவக்கின் கொடுமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

ஆகவே துவக்குக்குக் கணக்கு வேண்டும். அக்கணக்கை வைப்பவன்மேல் மக்களுக்கு நம்பிக்கையும் வேண்டும். இவ்விரண்டில் முன்னையதை மட்டும் சட்டத்தினால் ஆக்கலாம். பின்னையதை நடத்தையினாலேயே ஆக்க இயலும். 1916-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சுடுபடைக்கலன் கட்டளைச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் இலங்கையில் நடைமுறையில் உள்ளது. உரிமம் பெறுதலும் ஆண்டுதோறும் புதுப்பித்தலும் இன்று எவரையும் கிளர்ச்சிக்குத் தூண்டுவதில்லை. பயிர் காக்கத் துவக்கு வேண்டுவோன் கச்சேரிக்குச் சென்று படிவம் நிரப்புகின்றான். ஆயினும் யானை வேலியைக் கடந்த மறுநாள், அவன் மனத்தில் எழும் கேள்வி பழையதுதான்: என் பயிரைக் காக்கும் பொறுப்பை அரசு ஏற்குமா, அன்றி என்னை எண்ணுவதோடு நின்றுவிடுமா?

டெனன்றின் நூலைக் கற்கும் மாணவர், அவர் எழுதிய இலங்கையோடு அவர் ஆண்ட இலங்கையையும் சேர்த்துக் கற்பது நன்று. பதினான்கு ஆண்டுகால அறிவுழைப்பினால் அவர் அடைந்த புகழ் வற்றாதது. கண்டிக் கச்சேரியின் முன் விண்ணப்பத்தோடு வந்து நின்ற மக்களிடம், உங்கள் துவக்கு உங்களிடமே இருக்கும் என்னும் உறுதியை அவர்கள் நம்பும்படி தர இயலாமற்போன அந்த ஒரு நாளின் குறையை, அப்புகழால் நிரப்ப முடியவில்லை.